ஆற அமர உடைப்பது: லாரல்–ஹார்டியின் மௌனக் குறும்படங்கள்

லாரல்–ஹார்டி என்ற நகைச்சுவை ஜோடியைச் சொன்னால் பலருக்கும் உடனே நினைவுக்கு வருவது பியானோவைப் படியேற்றும் பேசும்படம். அதற்கு முன்பே, 1927 முதல் 1929 வரை, கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டியில் இருந்த ஹால் ரோச் ஸ்டுடியோவிலிருந்து இவர்களின் மௌனக் குறும்படங்கள் வரிசையாக வந்தன. சுமார் முப்பது படங்கள். பெரும்பாலும் இரண்டு ரீல், இருபது நிமிடச் சொச்சம். இவற்றில் அடி உண்டு, உதை உண்டு, வீடு இடிவது உண்டு. ஆனால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே விடும் இடைவெளியில்தான் சிரிப்பை வைத்திருக்கிறார்கள். இன்று இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் முதலில் கெட்டுப்போயிருப்பதும் அந்த இடைவெளிதான். அதனால் இந்தப் படங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதையும், எப்படிப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்டேன் லாரல் இங்கிலாந்தின் அல்வர்ஸ்டனில் 1890-இல் பிறந்தவர். ஃப்ரெட் கார்னோவின் நாடகக் குழுவில் சாப்ளினுக்கு மாற்று நடிகராக 1910-இல் அமெரிக்கா வந்தார். ஆலிவர் ஹார்டி ஜார்ஜியா மாநிலத்தின் ஹார்லெமில் 1892-இல் பிறந்தவர். 1914-இல் ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் தொடங்கி, தடியன், வில்லன், மாமனார் என்று இருநூறுக்கும் மேற்பட்ட குறும்படங்களில் தலைகாட்டியவர். ஸ்டேன் தனியாக நடித்த படம் ஒன்றை, உதாரணமாக 1922-இல் வந்த ‘மட் அண்ட் சாண்ட்’டை, எடுத்துப் பாருங்கள். துறுதுறுவென்று துள்ளும், பல்லைக் காட்டும், கேமராவுக்குக் கண்ணடிக்கும் ஒரு குட்டிச் சாத்தான் தெரிவார். ஐந்தாறு வருடத்தில் அதே ஆள் கண் சிமிட்டவே யோசிக்கிற ஆளாக மாறியிருக்கிறார். இந்த மாற்றத்தில் பெரும் பங்கு லியோ மெக்கரியுடையது. ரோச் ஸ்டுடியோவில் மேற்பார்வை இயக்குநராக இருந்த அவர், அந்தக் கால நகைச்சுவைப் படங்களின் ஓட்டப்பந்தய வேகத்தை இந்த இருவருக்காக மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தார் என்றே சொல்லலாம்.

குறைத்தது எப்படி என்பதுதான் சுவாரஸ்யம். ஹார்டி தலையில் ஒரு வாளித் தண்ணீர் கொட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு படமாக இருந்தால் நனைந்தவர் எழுந்து துரத்துவார். ஹார்டி அசையமாட்டார். தண்ணீர் முழுக்க வடியட்டும் என்று நிற்பார். பிறகு கண்ணைத் திறந்து நேரே கேமராவைப் பார்ப்பார்: ‘இவனைக் கட்டிக்கொண்டு நான் படும் பாட்டைப் பார்த்தீர்களா?’ அதன் பிறகே ஸ்டேன் பக்கம் திரும்புவார். ஸ்டேனுக்கு அதுவரை நடந்தது உறைத்திருக்காது. உறைத்ததும் முகம் சுருங்கி அழுகை வரும். ஒரே வாளிக்கு மூன்று சிரிப்பு: தண்ணீருக்கு ஒன்று, பார்வைக்கு ஒன்று, அழுகைக்கு ஒன்று.

அந்தப் பார்வைக்கு ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. அரங்கில் எழுநூறு பேர் சிரித்துக்கொண்டிருக்கும்போது அடுத்த நிகழ்வைக் காட்டினால் அது வீணாகிவிடும். சிரிப்பு அடங்கும்வரை படத்தை நிறுத்திப் பிடிக்க ஒரு முகம் வேண்டும். அது ஹார்டியின் முகம். படத்தை வெளியிடுமுன் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டி, சிரிப்பு நீளும் இடம், படுத்துவிடும் இடம் பார்த்து வெட்டைத் திருத்துவது அந்த ஸ்டுடியோவின் வழக்கம். எடிட்டிங் மேசையில் ஸ்டேனும் உட்காருவார். ஹார்டி அந்நேரம் கோல்ஃப் ஆடப் போயிருப்பார். ஆகவே இந்தப் படங்களைக் கைபேசியில் தனியாகப் பார்த்துவிட்டு ‘இழுக்கிறது’ என்று சொன்னால் அது படத்தின் குற்றமில்லை. கூட்டத்துக்காக அளந்து தைத்த சட்டை அது. குறைந்தது நான்கைந்து பேராவது சேர்ந்து பாருங்கள். அந்தப் பார்வையின் நீளம் சரியாக இருப்பது தானே தெரியும்.

உடையிலும் இதே நிதானத்துக்கான ஏற்பாடு இருக்கிறது. ஸ்டேன் தன் காலணியின் குதியை எடுத்துவிடுவார். குதி இல்லாமல் நடந்தால் பாதம் தட்டையாகப் பதிந்து, உடம்பு சற்றுப் பின்னால் சாயும். ஓட நினைத்தாலும் சரியாக ஓட வராது. குத்திட்டு நிற்கும் முடி 1927-இல் ‘தி செகண்ட் ஹண்ட்ரட் இயர்ஸ்’ படத்தில் கைதி வேடத்துக்காக மொட்டை போட்டதன் மிச்சம். வளர்ந்த முடி படியவில்லை, பார்த்தவர்கள் சிரித்தார்கள், அப்படியே வைத்துக்கொண்டார். வட்டத் தொப்பியோ ஒரு தனிக் கடிகாரம். எந்தக் களேபரம் முடிந்தாலும் தொப்பியைத் தேட வேண்டும், எடுக்க வேண்டும், தூசி தட்ட வேண்டும், மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும், மறுபடி கழற்ற வேண்டும். இருபது விநாடி போய்விடும். அந்த இருபது விநாடியில் எதிராளி அடுத்த வேலைக்குத் தயாராகிவிடுவார்.

எல்லாம் சேர்ந்து உச்சத்தில் நிற்கும் படம் ‘பிக் பிசினஸ்’. 1928 டிசம்பரில் எடுத்து, 1929 ஏப்ரலில் வெளிவந்தது. இருவரும் ஒரு திறந்த காரில் கிறிஸ்துமஸ் மரங்களை ஏற்றிக்கொண்டு, வெயில் காயும் கலிஃபோர்னியாவில் வீடு வீடாக விற்கிறார்கள். ஜேம்ஸ் ஃபின்லேசன் என்ற நடிகர் வீட்டுக்காரராக வரும் வீட்டின் கதவைத் தட்டுகிறார்கள். வேண்டாம் என்று அவர் கதவைச் சாத்த, மரத்தின் கிளை கதவிடுக்கில் மாட்டிக்கொள்கிறது. மணியடித்துத் திறக்கச் சொல்கிறார்கள். எடுக்கிறார்கள். மறுபடி சாத்த, மறுபடி மாட்டுகிறது. அடுத்த முறை மரம் வெளியே வந்துவிட, கோட்டு மாட்டிக்கொள்கிறது. ஃபின்லேசன் பொறுமை இழப்பதற்கே இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். கடைசியில் ஸ்டேனுக்கு ஒரு யோசனை வருகிறது: இந்த வருடம் வேண்டாமென்றால் அடுத்த வருடத்துக்கு ஆர்டர் எழுதிக்கொள்ளலாமா? அந்தக் கேள்விக்குப் பிறகுதான் ஃபின்லேசன் கத்தரிக்கோலோடு வந்து மரத்தை நறுக்குகிறார்.

இங்கிருந்து கணக்கு தொடங்குகிறது. ஹார்டி பேனாக்கத்தியை எடுத்து வீட்டு வாசலைச் சுரண்டுகிறார். ஃபின்லேசன் பதிலுக்கு அவருடைய கடிகாரத்துக்கு வருகிறார். அழைப்பு மணி பிடுங்கப்படுகிறது, தொலைபேசிக் கம்பி அறுபடுகிறது, காரின் விளக்கு கழன்று காரின் கண்ணாடிக்குள்ளேயே போகிறது. முடிவில் ஒருபக்கம் கார் சுக்குநூறு. மறுபக்கம் ஜன்னல், கதவு, புல்தரை, பியானோ எல்லாம் போயாயிற்று. ஸ்டேன் ஜன்னல் வழியே ஜாடிகளை வீசித்தர, ஹார்டி மண்வெட்டியால் பேஸ்பால் ஆடி உடைக்கும் கட்டம் இதில்தான் வருகிறது.

இதில் எழுதப்படாத விதி ஒன்று இருக்கிறது. எதிராளி தன் பொருளை உடைக்கும்போது யாரும் தடுப்பதில்லை. நின்று பார்க்கிறார்கள். சற்றே ஆர்வத்தோடுகூடப் பார்க்கிறார்கள். உடைத்து முடித்து அவர் விலகி நின்ற பிறகுதான் இவர் முறை. தாயம் ஆடுகிறவர்கள் அடுத்தவர் காய் நகர்த்தும்வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பது போல. இரண்டாவது விதி, வாங்கியதைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் திருப்ப வேண்டும். மொய் எழுதுகிறவர்களுக்கு இது எளிதில் புரியும்: ஐந்நூறு வந்த வீட்டுக்கு ஐந்நூறாகவே திருப்ப முடியாது, கூட ஏதாவது வைத்தாக வேண்டும். ஆனால் ஒரேயடியாக ஐயாயிரம் வைத்தாலும் ஆட்டம் கெட்டுவிடும். மரக்கிளையிலிருந்து நேராகப் பியானோவுக்குத் தாவியிருந்தால் படம் மூன்றே நிமிடத்தில் முடிந்திருக்கும், யாரும் சிரித்திருக்கவும் மாட்டார்கள். இதைப் பார்த்துப் பின்னால் எடுக்கப்பட்ட பல பொருளுடைப்புக் காட்சிகள் சப்பென்று போவது இந்தப் படிக்கட்டைத் தாண்டிக் குதிப்பதால்தான்.

மூன்றாவதாக, ஒரு பார்வையாளர் வேண்டும். டைனி சான்ஃபோர்ட் நடிக்கும் போலீஸ்காரர் தெருவோரம் காரை நிறுத்தி, இறங்காமல், குறிப்பேட்டில் ஒவ்வொன்றாக எழுதிக்கொள்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிநின்று, டென்னிஸ் ஆட்டம் பார்ப்பதுபோல் தலையை இப்படியும் அப்படியும் திருப்புகிறார்கள். அந்தப் போலீஸ்காரர் அங்கே இல்லையென்றால் இது வெறும் சண்டை. அவர் எழுதிக்கொண்டிருப்பதால்தான் இது ஏதோ நாகரிகமான கொடுக்கல்வாங்கல் போலத் தெரிகிறது. (படக்குழு தவறான வீட்டை உடைத்துவிட்டது, வீட்டுக்காரர் திரும்பிவந்து மயங்கிவிழுந்தார் என்று ஹால் ரோச் பிற்காலத்தில் ஒரு கதை சொல்வார். சுவையான கதை, அந்த அளவில் வைத்துக்கொண்டால் போதும்.)

‘டூ டார்ஸ்’ (1928) இதே விதியைப் பொதுச்சாலையில் வைத்து ஆடுகிறது. பெட்ரோல் தீர்ந்த ஒரு வண்டி, பின்னால் நீளும் போக்குவரத்து நெரிசல், விடுப்பில் வந்த இரண்டு கடற்படை வீரர்கள். கார்களின் பாகங்கள் ஒவ்வொன்றாகக் கழல்கின்றன. பார்வையாளராக இருப்பவர்களே ஒவ்வொருவராக ஆட்டத்துக்குள் இறங்குவதுதான் இதில் உள்ள கூடுதல் திருப்பம். என் கணக்கில் ‘பிக் பிசினஸ்’ஸுக்கு அரை அங்குலம் கீழே, முடிவில் சுரங்கப்பாதையிலிருந்து நசுங்கி ஒல்லியாக வரும் காருக்காக அந்த அரை அங்குலத்தையும் விட்டுக்கொடுக்கலாம்.

இடைவெளியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சாட்சி ‘தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி’ (1927). குத்துச்சண்டையில் தொடங்கி, முகத்தில் பை எறியும் தெருச்சண்டையில் முடியும் படம். பை என்பது மாவுக் கிண்ணத்தில் பழக்கூழும் கிரீமும் நிரப்பிச் சுட்ட இனிப்பு. லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பை தயாரிப்பு நிறுவனத்தின் ஒருநாள் உற்பத்தியையே வாங்கினார்கள், மூவாயிரம் பை என்று பல காலமாகச் சொல்லப்படுகிறது. இதன் இரண்டாம் ரீல் நீண்டகாலம் முழுமையாகக் கிடைக்கவில்லை. ராபர்ட் யங்ஸன் 1957-இல் தொகுத்த ‘தி கோல்டன் ஏஜ் ஆஃப் காமெடி’யில் சேர்த்த துண்டுகள்தான் உலகுக்குத் தெரிந்தவை. அந்தத் துண்டுகளில் பை பறக்கிறது, பை பறக்கிறது, பை பறக்கிறது. அவ்வளவுதான். 2015-இல் ஜான் மிர்சாலிஸ் என்ற சேகரிப்பாளர் அந்த ரீலைக் கண்டெடுத்த பிறகுதான் சண்டையின் எலும்புக்கூடு தெரிந்தது.

ஹார்டி வைத்த வாழைப்பழத்தோலில் பை வண்டிக்காரர் சறுக்குகிறார். அவர் ஹார்டிக்கு ஒன்று வைக்கிறார். ஹார்டி திருப்பி எறிந்தது குறி தவறி வேறொருவர் மேல் விழுகிறது. சம்பந்தமில்லாத அந்த ஆள் நின்று, துடைத்து, நடந்ததை யோசித்து, நிதானமாக வண்டிவரை நடந்துவந்து, ஒரு பையைத் தேர்ந்தெடுத்து எறிகிறார், அதுவும் தவறுகிறது. பல் டாக்டரிடம் வாய் பிளந்து உட்கார்ந்திருப்பவர்வரை போய்ச் சேர்கிறது. ஒவ்வொரு புதிய ஆளுக்கும் ஒரு நியாயமான கோபம் இருக்கிறது, அந்தக் கோபம் ஏற ஒரு விநாடி கொடுக்கப்படுகிறது. கடைசியில் அனிட்டா கார்வின் தெருமுனையில் வழுக்கி ஒரு பையின் மேல் உட்கார்ந்துவிடுகிறார். எது தன் அடியில் நசுங்கியது என்று பார்க்காமலேயே, யாருக்கும் தெரியாத மாதிரி எழுந்து, ஒரு காலை மட்டும் மெல்ல உதறிவிட்டு நடந்து போகிறார். எறியப்பட்ட அத்தனை பைகளிலும் அதிகம் சிரிக்கவைப்பது எறியப்படாத அந்த ஒன்றுதான். ஸ்டேனின் பேரில் காப்பீடு எடுக்கும் நடுக்காட்சி மட்டும் இன்னும் அகப்படவில்லை.

இனி, போட்டுப் பார்ப்பது. மௌனப் படங்களில் பெரும் தொல்லை வேகம். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடி நீளத்துக்கு 16 சட்டகம், அதாவது 16 தனித்தனிப் படம். ஆயிரம் அடி ரீலுக்கு 16,000 சட்டகம். விநாடிக்கு 24 என்று ஓட்டினால் ரீல் 11 நிமிடம் 7 விநாடி; 20 என்றால் 13 நிமிடம் 20 விநாடி; 16 என்றால் 16 நிமிடம் 40 விநாடி. ஒரே படத்துக்கு இணையத்தில் வெவ்வேறு நீளம் காட்டுவதற்கு முதல் காரணம் இதுதான். வெட்டப்பட்ட பிரதி என்பது இரண்டாவது காரணம். இரண்டையும் பிரித்தறிய, காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்து அட்டைகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். அட்டைகள் சமமாக இருந்து நீளம் மட்டும் மாறினால் வேகம். அட்டைகளே குறைந்தால் வெட்டு.

சரியான வேகத்தைக் கண்டுபிடிக்க விழும் பொருளைப் பாருங்கள். மாடி ஜன்னலிலிருந்து, அதாவது சுமார் 3 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஜாடி தரையைத் தொட முக்கால் விநாடிக்குச் சற்று மேல் ஆகும். அரை விநாடியில் விழுந்தால் படம் ஓட்டமாக ஓடுகிறது. ஆனால் துரத்தல் காட்சிகளை வேண்டுமென்றே கேமராவைச் சற்று மெதுவாக ஓட்டி எடுத்து, திரையில் வேகமாகக் காட்டுவது அந்தக் கால வழக்கம். ஆகவே துரத்தலை வைத்து அளக்காதீர்கள். இருவரும் சும்மா நிற்கும், நடக்கும் காட்சிகளை வைத்து அளங்கள். 1927-ஆம் ஆண்டுப் படங்கள் அவசரமாகத் தெரிந்தால் யூடியூபில் வேகத்தை 0.85-க்கு இறக்கினால் விநாடிக்கு 20 சட்டகத்துக்கு அருகில் வரும். விஎல்சி பிளேயரில் சதுர அடைப்புக்குறி விசைகள் பத்தில் ஒரு பங்காக ஏற்றி இறக்கும். 0.75-க்குக் கீழே போக வேண்டாம். ஹார்டியின் பார்வை நோய்ப்பட்ட பார்வையாகிவிடும்.

1928-இன் பிற்பகுதியிலிருந்து வந்த சில படங்களில் இந்த வேலையே வேண்டாம். ‘ஹேபியஸ் கார்பஸ்’, ‘லிபர்ட்டி’, ‘ராங் அகெய்ன்’ போன்றவை பேச்சில்லாப் படங்களே என்றாலும், இசையும் ஓசைகளும் பதிந்த இசைத்தட்டோடு அரங்குகளுக்குப் போனவை. தட்டோடு பொருந்த வேண்டும் என்பதால் 24 சட்டகம் என்பது அவற்றுக்கு உறுதி. அந்தப் பழைய இசையோடு கூடிய பிரதி கிடைத்தால் அதையே பாருங்கள். மற்றவற்றில் பின்னாளில் சேர்த்த கொட்டுமேளப் பியானோ இருந்தால் ஒலியை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பல நேரம் படம் பிழைத்துக்கொள்ளும், ஏனென்றால் காத்திருப்பை நிரப்பித் தொலைப்பது அந்தப் பியானோதான்.

படச் சட்டகத்தின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். அகலத்துக்கு உயரம் 4:3. அகலத்திரைக்காக மேலும் கீழும் நறுக்கியிருந்தால் தொப்பியும் காலணியும் போய்விடும். இழுத்து நிரப்பியிருந்தால் ஸ்டேனும் குண்டாகிவிடுவார், பிறகு என்ன இருக்கிறது? ஒலித்தடம் உள்ள பிரதியாக மாற்றும்போது படத்தின் இடது ஓரம் வெட்டுப்படுவதும் உண்டு. இந்தப் படங்கள் பலவற்றின் ஒளிப்பதிவாளர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ், பின்னாளில் பெரிய இயக்குநரானவர். இருவரையும் தலை முதல் கால் வரை ஒரே சட்டகத்தில் பக்கம்பக்கமாக நிறுத்துவது அவருடைய வழக்கம். ஒருவர் செய்வதும் மற்றவருக்கு அது உறைக்காமலிருப்பதும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக. ஸ்டேனின் வெளிர்நீலக் கண்கள் பழைய ஃபிலிமில் வெளுத்துக் காணாமல் போகும். எல்லா நிறங்களையும் வாங்கும் பேன்குரோமேட்டிக் ஃபிலிம் வந்த பிறகுதான் அவர் கண்ணில் ஒன்றுமே ஓடவில்லை என்பது திரையில் தெரிந்தது. மங்கலான பிரதியில் அந்தக் கண்கள் மறுபடியும் காணாமல் போகின்றன. அதனால்தான் மறுசீரமைத்த பிரதிக்குக் காசு கொடுப்பது வீண்செலவில்லை: 2020-இல் வந்த ‘டெஃபினிட்டிவ் ரெஸ்டோரேஷன்ஸ்’ தொகுப்பில் பை சண்டை இருக்கிறது, ‘இயர் ஒன்’ என்ற தொகுப்பில் 1927-ஆம் ஆண்டுப் படங்கள் உள்ளன. அமெரிக்காவில் 1929 வரையிலான படங்களுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டதால் இலவசப் பிரதிகளும் ஏராளம். மேலே சொன்ன சோதனைகளைச் செய்து தேர்ந்தெடுங்கள்.

வெளியான தேதி வரிசையில் பார்ப்பது குழப்பம் தரும். 1927-இல் ரோச் தன் படங்களை விநியோகிக்கும் வேலையைப் பாத்தேயிடமிருந்து எம்ஜிஎம்முக்கு மாற்றினார். பாத்தே தன் கையில் மிஞ்சியதைத் தாமதமாக வெளியிட்டது. அதனால் முன்பே எடுத்த ‘ஃப்ளையிங் எலிஃபண்ட்ஸ்’, அதில் ஸ்டேன் துள்ளித்திரியும் கற்கால மனிதர், 1928 பிப்ரவரியில் திரைக்கு வந்தது. இருவரும் முழுசாக உருவான பிறகு திடீரென்று இந்தப் படம் வந்து நின்றால் என்ன நினைப்பது? அதை விட்டுவிடலாம். ‘டக் சூப்’ (1927) கட்டாயம் பாருங்கள். ஸ்டேனின் அப்பா எழுதிய மேடை நாடகத்திலிருந்து எடுத்தது. ஜோடியாக அறிவிக்கப்படுமுன்பே ஏறக்குறைய ஜோடியாக இருக்கிறார்கள். ‘டூ டிடெக்டிவ்ஸ் திங்க்?’ தொப்பியும் கோட்டும் வந்து சேர்ந்த படம். ‘புட்டிங் பேன்ட்ஸ் ஆன் ஃபிலிப்’பை முதல் படம் என்று பலர் எழுதுகிறார்கள்; பாவாடை கட்டிய ஸ்காட்லாந்து மருமகனாக வரும் ஸ்டேன் அதில் நமக்குத் தெரிந்த ஸ்டேனே இல்லை. புதிதாகப் பார்ப்பவருக்கு ‘பிக் பிசினஸ்’, ‘டூ டார்ஸ்’, ‘யூ ஆர் டார்ன் டூட்டின்’, ‘லிபர்ட்டி’ என்ற நான்கு போதும். மூன்றாவதில் தெருமுழுக்க ஆண்கள் ஒருவர் கால்சட்டையை ஒருவர் கிழித்த பிறகு, இருவரும் ஒரே கால்சட்டைக்குள் நடந்துபோவதோடு படம் முடிகிறது.

பார்க்க முடியாத படம் ஒன்றும் இருக்கிறது. 1927-இல் எடுத்த ‘ஹாட்ஸ் ஆஃப்’. லாஸ் ஏஞ்சலிஸின் சில்வர் லேக் பகுதியில் ஒரு நீண்ட படிக்கட்டு. அதன் உச்சி வரை இருவரும் ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தைச் சுமக்கிறார்கள், முடிவில் தெருவே ஒருவர் தொப்பியை ஒருவர் நசுக்குகிறது. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. சில புகைப்படங்கள்தான் உண்டு. ஐந்து வருடம் கழித்து அதே படிக்கட்டுக்குப் போய், துவைக்கும் இயந்திரத்துக்குப் பதில் பியானோவை ஏற்றினார்கள். ‘தி மியூசிக் பாக்ஸ்’. சிறந்த நகைச்சுவைக் குறும்படத்துக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது. படிக்கட்டு வெண்டோம் தெருவில் இன்றும் அப்படியே இருக்கிறது, 133 படிகள்.